பாய்க்கப்பலுக்குப் பேட்டரி தேர்தல்

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிவகாசிக்குத் தெற்கேயுள்ள கண்மாய் ஒன்றின் கரையில், யாமும் எம் தோழர் நால்வரும் கூடி ஆறடி நீளமுள்ள பாய்க்கப்பல் ஒன்றை நீரில் இறக்கினோம். இது மக்கள் ஏறிச் செல்லும் கப்பலன்று. கரையில் நின்று ரேடியோவால் நடத்தும் மாதிரிக் கப்பல். கண்மாய் அவ்வாண்டு மறுகால் பாய்ந்திருந்தது. ஆடு மேய்ப்பார் சிலரும், பட்டாசு ஆலையினின்று வேலை முடித்து மீளும் மகளிர் சிலரும் கரைமேல் நின்று நோக்கினர். அவருள் முதியவர் ஒருவர், “காத்துல போற கப்பலுக்குப் பேட்டரி எதுக்குய்யா?” என்று வினவினார். உடன் நின்றோர் நகைத்தனர். யாம் நகைத்திலேம். இரண்டு திங்களாக எம்முள் நிகழ்ந்துவந்த வாதத்தின் வேர் அவ்வொரு வினாவிலேயே இருந்தது.

காற்றே கப்பலைச் செலுத்துகின்றது என்பது மெய். ஆயினும், காற்று தான் வேண்டும் திசையிற் செலுத்துமேயன்றி நாம் வேண்டும் திசையிற் செலுத்தாது. பாயை இழுத்துக் கட்டவும் தளர்த்தவும் ஒரு கை வேண்டும். சுக்கானைத் திருப்ப ஒரு கை வேண்டும். கரையில் நிற்பவன் கை முந்நூறடி தொலைவுக்கு எட்டாது. ஆதலின் அவ்விரு கைகளுக்கும் மாறாகக் கப்பலுள் இரண்டு மின்பொறிகள் வைக்கப்படுகின்றன. சர்வோ என வழங்குவது சுக்கானைத் திருப்பும். வின்ச் என வழங்குவது பாயின் கயிற்றை உருளையிற் சுற்றி இழுக்கும். கரையிலிருந்து வரும் ரேடியோ ஆணையைக் கேட்டு இவ்விரண்டையும் ஏவுவது ரிசீவர். இம்மூன்றுக்கும் உணவளிப்பது பேட்டரி. காற்று நின்றால் கப்பல் நிற்கும். பேட்டரி நின்றாலோ கப்பல் நிற்பதில்லை, நம்மை விட்டுப் போய்விடும்.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. 1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து மாடிசன் சதுக்க மண்டபத்தில் நிகோலா டெஸ்லா என்பார் ஒரு சிறு படகைத் தொட்டியில் மிதக்கவிட்டுக் கம்பியின்றி நடத்திக் காட்டினார். அப்படகும் பேட்டரி சுமந்தே மிதந்தது. ஆயின் அவர் படகைச் செலுத்தியதும் மின்சாரமே. எம்முடையது காற்றால் ஓடுவது. ஆதலின் எம் பேட்டரிக்குப் பணி குறைவு என்று முதலில் எண்ணினோம். அவ்வெண்ணம் பிழையென்பதை அன்றைய மாலையே உணர்ந்தோம்.

அன்று கப்பலில் வைத்தவை கடையில் வாங்கிய பென்சில் மின்கலங்கள் நான்கு. புத்தம் புதியவை; உறைமேல் அச்சிட்டிருந்த புகழுரையோ ஒரு பரணிக்குப் போதும். மூன்றாம் முறை கப்பல் நடுக்கண்மாய்க்குச் சென்றபோது வாடைக்காற்று திடுமென வலுத்தது. பாயை உள்ளிழுக்குமாறு ஆணை விடுத்தோம். வின்ச் ஒருமுறை முனகிற்று. அதன்பின் பாயும் அசையவில்லை, சுக்கானும் அசையவில்லை. கப்பல் தன் போக்கில் ஓடித் தென்கரையிலுள்ள சீமைக்கருவேல மரங்களுக்குள் புகுந்து, பாய் கிழிந்து நின்றது. மீன்பாசிக் குத்தகைக்காரர் தம் தெர்மோகோல் மிதவையிற் சென்று, முட்களுக்கிடையே கைவிட்டு, அதனை மீட்டுக் கொணர்ந்தார். கரையேற்றிப் பார்த்தவழி வியப்பு யாதெனில், எல்லாப் பொறிகளும் முன்போலவே இயங்கின. மின்கலங்களும் வோல்ட்மீட்டரில் நல்ல அளவையே காட்டின.

இதன் காரணத்தை ஒரு கண்மாயைக் கொண்டே விளக்கலாம். கண்மாய் நிறைந்திருக்கலாம், மடை குறுகியதாயின், வயல் வாடும்போது வேண்டுமளவு நீர் வாராது. மின்கலத்துக்கும் கொள்ளளவு வேறு, ஒரு நொடியில் எவ்வளவு தர வல்லது என்பது வேறு. சாதாரணப் பென்சில் மின்கலத்தின் உள்ளே மின்னோட்டத்தைத் தடுக்கும் தடை மிகுதி. சுவர்க்கடிகாரத்துக்கும் கைவிளக்குக்கும் அஃது ஒரு குறையன்று. வின்ச் திடீரெனப் பெரு மின்னோட்டம் வேண்டும் நொடியிலோ அதன் அழுத்தம் சட்டெனத் தாழ்கின்றது. தாழ்ந்த அழுத்தத்தில் ரிசீவர் மயங்கி விழுகின்றது. அது மயங்கியபின் ஆணையைக் கேட்பார் இலர். சுமை நீங்கிய பின்னர் அழுத்தம் மீண்டும் ஏறிவிடுதலால், கரைக்கு வந்தபின் குற்றம் கண்டுபிடிப்பதும் அரிதாகின்றது. பென்சில் மின்கலங்களைச் செருகும் சுருள்வில் வைத்த பிளாஸ்டிக் பெட்டியும் இக்குற்றத்தில் பங்குடையது. அவ்வில்லின் நுனியில் சிறிது துரு ஏறினும் மடை இன்னும் குறுகும்.

அடுத்த வாரம் ஓர் அம்மீட்டரை இரவல் வாங்கி அளந்தோம். வின்ச் பாயைத் தாங்கி நிற்கையில் ஏறத்தாழ அரை ஆம்பியர் உண்டது. பலத்த காற்றை எதிர்த்து இழுக்கத் தொடங்கும் நொடியில் 4 ஆம்பியருக்கு மேலும் உண்டது. ரிசீவரும் சுக்கான் சர்வோவும் சேர்ந்து கால் ஆம்பியருக்கு மிகவில்லை. ஆக, சராசரியாக முக்கால் ஆம்பியர். ஒரு மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒன்றரை ஆம்பியர்-மணி போதும். பலர் எண்ணுவதுபோலப் பெருங்கொள்ளளவு வேண்டுவதில்லை. அகன்ற மடையே வேண்டும்.

இவ்விடத்திலேதான் எம் குழு இரண்டாகப் பிரிந்தது. வானூர்தி மாதிரிகள் பறக்கவிட்டுப் பழகிய தோழர் ஒருவர், லித்தியம் பாலிமர் பேட்டரியே வேண்டும் என்றார். அதன் மடை அகன்றது என்பதில் ஐயமில்லை. இரண்டு கலம் கொண்டது 7.4 வோல்ட் தரும். 5 ஆம்பியர்-மணி கொள்ளும். எடையோ ஏறத்தாழக் கால் கிலோ. அதே பணிக்கு அவசர விளக்குகளில் வைக்கும் 6 வோல்ட் ஈயப் பேட்டரி முக்கால் கிலோ எடையுடையது. “மிஞ்சும் அரைக் கிலோவை ஈயமாக்கி ஏராவின் அடியில் தொங்கவிட்டால் கப்பல் காற்றில் சாயாது” என்பது அவர் வாதம். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. கணக்குப் பார்த்தோம்.

எம் கப்பலின் முழு எடை 20 கிலோ. அதில் 12 கிலோ, ஏராவின் நுனியில், உடலுக்கு 60 சென்டிமீட்டர் கீழே, ஈயக் குண்டாகத் தொங்குகின்றது. உடலுள் இருக்கும் அரைக் கிலோவை எடுத்து அக்குண்டோடு சேர்த்தால், அது 50 சென்டிமீட்டர் கீழிறங்கும். கப்பலை நிமிர்த்தும் ஆற்றல் இதனால் நூற்றுக்கு மூன்றரைப் பங்கே கூடும். எம்மைப்போலப் புதிதாய் ஓட்டுவார் பாயைக் கட்டுவதிற் செய்யும் பிழையால் இழப்பது அதனினும் பன்மடங்கு. எனினும், தோழர் வாதம் சிறு கப்பலுக்கு முற்றும் பொருந்தும் என்பதை ஒப்புதல் வேண்டும். உலகில் பலரும் போட்டியிடும் ஒரு மீட்டர் வகைக் கப்பலின் எடை வரம்பு 4 கிலோ. அதில் அரைக் கிலோ என்பது எட்டில் ஒரு பங்கு. அங்கே பொன்போல் நிறுத்தே வைக்கவேண்டும். கப்பல் பெரிதாகப் பெரிதாகப் பேட்டரியின் எடை சிறுமையுறும். ஆதலின் பெரிய கப்பல் வைத்திருப்பவன், இலேசான பேட்டரியைத் தேடி அலைய வேண்டிய கட்டாயம் இல்லாதவன். இந்த உரிமையைப் பலர் உணராமல், சிறு கப்பற்காரர் நூலைப் பார்த்துப் பெருங் கப்பலுக்குப் பேட்டரி வாங்குகின்றனர்.

கப்பல் வகைகளைப் பற்றிக் கூறும்போது இதனையும் சொல்லிவிடுகின்றோம். 50 அங்குல நீளமுள்ள மாதிரிக் கப்பல் வகைக்கு மார்பிள்ஹெட் என்று பெயர்; அஃது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரையூர் ஒன்றின் பெயர். அவ்வூருக்கு அணித்தேயுள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்கே, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், பெயர் மாற்றப்பெற்று, 1938-ஆம் ஆண்டு கடல் கடந்து போய்ச் சேர்ந்தது. பேட்டரி பற்றிய கட்டுரையில் இதற்கு இடமில்லைதான். ஆயின் நம் மாவட்டம் 1985-இல் இராமநாதபுரத்தினின்று பிரிந்தபோது கடலை முழுதும் அங்கேயே விட்டுவந்தது. கடலில்லாத ஊரார் கப்பற்கதை சொல்லவேனும் விடுக.

நிற்க. தோழர் சொல் கேளாது ஒரு லித்தியம் பாலிமர் பேட்டரியைத் தாமே வருவித்தார். தை, மாசித் திங்களில் அது மிகச் சிறப்பாக உழைத்தது; உண்மையை மறைக்கலாகாது. பங்குனியில் கண்மாய் வற்றியது. தேர்வும் வந்தது. தோழர் அதனை நிறைய மின்னேற்றியபடியே தம் வீட்டுத் தகரக் கொட்டகையிற் பரண்மேல் வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டார். சித்திரை வெயில் எத்தகையது என்பதை நம் மாவட்டத்தார்க்கு யாம் எழுதவேண்டுவதில்லை. வைகாசியில் எடுத்துப் பார்த்தபோது, தட்டையாயிருந்த அப்பொட்டலம் தலையணைபோல் உப்பியிருந்தது.

அக்கொட்டகையில் வேறு என்ன இருந்தன என்பதையும் கூறுதல் வேண்டும். தோழரின் அன்னையார் முப்பதாண்டாகப் பட்டாசு ஆலையிற் பணிபுரிபவர். வீட்டில் ஓய்ந்த நேரத்திற் காகிதக் குழாய் சுற்றுவார். மருந்து ஒரு துளியும் அங்கில்லை. ஆயின் காகிதம் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. உப்பிய பேட்டரியைக் கண்ட அவ்வம்மையார் அதனைத் தொடவில்லை. மகனையும் தொடவிடவில்லை. அது யாது என்று கேட்டறிந்தபின், “ஏய்யா, மிச்ச மருந்த ராத்திரி வெச்சிருக்கக் கூடாதுன்னு படிக்காத எங்களுக்கே தெரியும். இத நாலு மாசம் வெச்சிருந்தியா?” என்றார். பின்னர் அடுப்பங்கரை இடுக்கியாற் பற்றி, வேப்பமரத்தடியில் மணல் நிரப்பிய வாளியில் இட்டு, வீட்டுக்கு இப்பால் வந்து நின்றார். கல்லூரியில் வேதியியல் பயில்வார் இருவர் அன்று எம்முடன் இருந்தனர். அவர் சொல்லுக்குமேல் அவர்கள் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அவ்வம்மையார் கூறியது வெறும் உவமையன்று. ஆலைகளில் ஒரு நாள் கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்தல் ஆகாது. அறைக்குள் நுழைவோர் உடம்பிலேறிய நிலைமின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டே செல்வர். அறை ஒன்றில் நால்வர்க்கு மேல் இருத்தல் ஆகாது. இவ்விதிகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. வெடிமருந்தில் எரிபொருளும், அதனை எரிக்கும் பிராணவாயுவும் ஒரே கலவையில் உறைகின்றன. கரியும் கந்தகமும் எரிவன; வெடியுப்பு பிராணவாயுவை ஈவது. ஆதலின் வெளிக்காற்றை மறைத்து அத்தீயை அவிக்கலாம் என்பது வீண். லித்தியம் பேட்டரியின் பழைய வகையும் ஏறத்தாழ இவ்வியல்பினதே. அதன் உள்ளேயுள்ள திரவம் எளிதிற் பற்றும் கரைப்பான். அதன் நேர்முனையிலுள்ள கோபால்ட் ஆக்சைடோ, அளவுக்குமேற் சூடேறின் தன்னிடத்துள்ள பிராணவாயுவை வெளிவிடும். எரிவதும் எரிப்பதும் ஒரே பொட்டலத்தில்! கரைப்பான் வெயிலில் மெல்லச் சிதைந்து ஆவியானதே அப்பொட்டலம் உப்பியதன் காரணம். சிவகாசியிற் பிறந்தவனுக்கு இதனை விளக்க நூல் வேண்டா.

“முறைப்படி கையாண்டால் அபாயம் இல்லை” என்பார் உளர். மெய்யே. கலந்தோறும் அழுத்தம் ஒத்திருக்குமாறு மின்னேற்றுதல், ஓட்டம் முடிந்தபின் பாதியளவுக்கு இறக்கி வைத்தல், மணல் வாளியில் வைத்துக் கண்ணெதிரே ஏற்றுதல் என அதற்கும் முறைகள் உண்டு. அவற்றை வழுவாது காப்போர் பல்லாண்டு தீங்கின்றி ஓட்டுகின்றனர். அவர்மேல் எமக்குப் பிணக்கில்லை. ஆயின் நம் மண்ணில் முறைகள் இல்லாமையால் தீ எழுந்ததில்லை. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த பெருவிபத்தின்போதும் விதிநூல் இருந்தது; அதற்கு நான்காண்டு முன்னரே புதுக்கி எழுதிய விதிநூல் அது. விதியை அறிந்தவன் களைத்திருக்கும் நாளிலும், தேர்வுக்கு ஓடும் நாளிலும் என்ன நிகழும் என்பதைக்கொண்டே ஒரு பொருளின் அபாயத்தை அளத்தல் தகும். மாணாக்கர் மறதியுடையவர். எம்மை வைத்தே கூறுகின்றோம்.

ஆகவே எம் கொள்கையைச் சுருக்கமாக உரைக்கின்றோம். பேட்டரியை, அது கண்மாயில் உழைக்கும் இரண்டு மணி நேரத்தைக் கொண்டு தேர்தல் தவறு. அறையிற் கிடக்கும் எட்டுத் திங்களைக் கொண்டே தேர்தல் வேண்டும். குளிர் நாட்டார் ஆண்டு முழுதும் நீர் நிறைந்த ஏரிகளில் ஓட்டுபவர். அவர் பேட்டரி வாரந்தோறும் வேலை செய்கின்றது. நமக்கோ ஐப்பசி மழை பெய்தால் கார்த்திகை முதல் மாசி வரை நீர். அதன்பின் கண்மாயில் மாடு மேயும். எட்டுத் திங்கள், அதிலும் வெயில் கொடிய திங்கள்களில், தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளாமலும் பிறரைக் கெடுக்காமலும் கிடக்கக்கூடியது எது? இதுவே வினா.

ஈயப் பேட்டரி கிடைத்தற்கு எளிது. விருதுநகரில் அவசர விளக்கு விற்கும் கடை எதிலும் அகப்படும். பழையதைக் கொடுத்தால் எடைக்கு விலை போட்டு எடுத்துக்கொள்வர். இஃது ஒரு பெருஞ்சிறப்பு. தீக்குணமும் குறைவு, மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு கசியக்கூடுமாதலால் காற்றோட்டம் மட்டும் வேண்டும். ஆயின் மின்னிறங்கிய நிலையிற் கிடந்தால் அதன் தகடுகளில் உப்புப் படிந்து இறுகும். பின்னர் எவ்வளவு ஏற்றினும் பிழைக்காது. திங்களுக்கு ஒருமுறை ஏற்றுவார் இருந்தால் அது வாழும். விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போய்விடும் எம்போன்ற குழுவில் அக்கடமையை ஏற்பார் யார்? கழகம் ஒன்று அமைத்து அதற்கொரு பொறுப்பாளரை வைத்தவர்க்கு ஈயப் பேட்டரியை யாம் தயங்காது பரிந்துரைப்போம்.

லித்தியத்திலேயே சாந்தமான வகை ஒன்று உண்டு. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் என்பது அதன் பெயர். அதிற் பிராணவாயு பாஸ்பரத்தோடு இறுகப் பிணைந்திருத்தலால், சூடேறினும் எளிதில் விடுபடாது. அதிலும் பற்றும் திரவம் உண்டாகையால் முற்றும் தீங்கற்றது என்னலாகாது. ஆயின் முன்னையதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. இதன் வரலாற்றில் நம் பக்கத்து மக்களுக்கும் பங்குண்டு. தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற அறிஞர் ஆறுமுகம் மந்திரம் அவர்கள், ஜான் குடெனாஃப் என்னும் பேரறிஞருடன் 1980-களில் டெக்ஸாஸில் இரும்புச் சல்பேட்டு முதலியவற்றை ஆராய்ந்து வழி காட்டினார். அவ்வழியே சென்று 1997-இல் பாதி, நஞ்சுண்டசாமி என்னும் இந்தியர் இருவரும் குடெனாஃபும் இரும்புப் பாஸ்பேட் நேர்முனையை உலகுக்கு அறிவித்தனர். 2019-இல் குடெனாஃப் நோபெல் பரிசு பெற்றபோது, அவர்க்காக ஸ்டாக்ஹோமில் விரிவுரை ஆற்றியவர் மந்திரம் அவர்களே. இவ்வகைப் பேட்டரி இரண்டு கலம் சேர்ந்தால் 6.4 வோல்ட் தரும், மடையும் அகன்றது. இதற்கென அமைந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். மற்ற லித்தியத்துக்கு உரியதில் மறந்து செருகினால் அளவுக்குமேல் ஏறும். ஒரே மேசையில் இரண்டு சார்ஜரும் கிடக்கும் வீட்டில் இம்மறதி நிகழாது என்று எவர் உறுதி கூறுவார்?

எல்லாம் ஆய்ந்தபின், இவ்வாண்டுக்கு யாம் கொண்டது நிக்கல் உலோக ஹைட்ரைடு வகை. புதுமை விரும்புவார்க்கு இஃது ஏமாற்றமாய்த் தோன்றும். தோழர் இன்றும் எம்மைப் பழமைவாதி என்றே அழைக்கின்றார். கலத்துக்கு 1.2 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 6 வோல்ட். வின்சும் சர்வோவும் இடையில் வேறு கருவியின்றி நேரே உண்ணக்கூடிய அளவு அது. முன்னாளில் இவ்வகைக்கு ஒரு பெருங்குறை இருந்தது: சும்மா வைத்திருப்பினும் ஒரே திங்களில் கால்பங்கு மின்சாரம் தானே வடிந்துவிடும். 2005-இல் ஜப்பானியர் வடிவு குறைந்த கலங்களை விற்கத் தொடங்கியபின் அக்குறை பெரிதும் நீங்கிற்று. வெயில் இவற்றையும் வாட்டும். ஆயின் வாடிய கலம் வலிமை இழக்குமேயன்றி வீட்டை எரிப்பதன்று. தகரக் கொட்டகைக்கு மாறாக, தண்ணீர்ப் பானை வைத்த மூலையில் அவற்றை வைக்கின்றோம்.

அவற்றை வைக்கும் முறையில் யாம் கற்ற ஒன்று பிறர்க்கும் பயன்படலாம். பத்துக் கலங்களை ஒரே பேட்டரியாகக் கட்டாமல், ஐந்தைந்தாக இரண்டு கட்டினோம். ஒன்று வின்சுக்கு மட்டும். மற்றொன்று ரிசீவருக்கும் சுக்கானுக்கும். எதிர்முனைகளை மட்டும் ஒன்றோடொன்று இணைத்தோம்; இன்றேல் ரிசீவரின் ஆணை வின்சுக்கு விளங்காது. இனி வின்ச் எவ்வளவு பசித்து உண்டாலும் ரிசீவரின் அழுத்தம் தாழாது. பாய் இழுபடாமற் போனாலும் சுக்கான் நம் சொற்படி திரும்பும். கப்பலைக் காற்றுக்கு எதிரே நிறுத்திக் கரைக்கு மெல்ல வரவழைக்கலாம். கலங்களை வில்பெட்டியிற் செருகாமல், தகட்டுப் பட்டையால் ஒட்டுவித்தோம். இரண்டு கட்டும் சேர்ந்து 300 கிராமுக்குச் சிறிது குறைவு. மின்னேற்றுவது இரவெல்லாம் மெல்ல நிகழும்: 2 ஆம்பியர்-மணிக் கலத்துக்கு ஐந்திலொரு ஆம்பியர் வீதம் 14 மணி நேரம். விரைவாக ஏற்றும் கருவிகள் கடையில் உண்டு. எமக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சனிக்கிழமை இருக்கின்றது, விரைவு எதற்கு?

இம்முறை மார்கழியில் அதே கண்மாயில் ஓட்டினோம். அதே வாடை, அதே தென்கரை. ஒருமுறை காற்று வீசியடித்தபோது வின்ச் முனகி நின்றே விட்டது. சுக்கான் நிற்கவில்லை. கருவேல மரங்களுக்குப் பத்தடி இப்பால் கப்பல் திரும்பியது. குத்தகைக்காரர் தம் மிதவையை எடுக்க எழுந்தவர் மீண்டும் அமர்ந்தார்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் அளிக்க, 1948-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த நிலையம் அது. சிக்ரி என்றால் அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். லித்தியம் பேட்டரி செய்யும் முறையை அங்குள்ளோர் ஆராய்ந்து, 2018-இல் தொழில் செய்வார்க்கு வழங்க உடன்படிக்கையும் செய்தனர். பேட்டரியைப் பிறப்பிக்கும் கலை நம் வீட்டுக்கு இத்துணை அணித்தே இருக்கின்றது. இறந்த பேட்டரியை எங்கே கொடுப்பது என்பதோ யாம் கேட்ட கடைக்காரர் எவர்க்கும் தெரியவில்லை. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுதல் வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்மேற் பொறுப்பைச் சுமத்தியுள்ளன. ஈயத்துக்கு விலை உண்டு, ஆதலின் அது தானே திரும்புகின்றது. உப்பிய லித்தியத்துக்கு விலை இல்லை. குப்பையில் இட்டால், சிவகாசியின் அச்சகங்களிலிருந்து வரும் காகிதக் கழிவோடு அது சேரும். அக்குப்பைக்கு எவரேனும் ஒரு நாள் தீ வைப்பர்.

தோழரின் அன்னையார் அதனைக் குப்பையிற் போட உடன்படவில்லை. அப்பேட்டரி இன்றும் அவ்வேப்பமரத்தடியில், மணல் வாளியிலேயே கிடக்கின்றது. மழை படாதபடி மேலே ஓர் ஓட்டை அவர் கவிழ்த்து வைத்திருக்கின்றார். எம் குழுவினர் எப்பொழுது அவ்வீட்டுக்குச் சென்றாலும், தேநீர் தருமுன் அவர் கேட்பது, “அத என்னைக்கிய்யா எடுத்துட்டுப் போறீங்க?” என்பதே.